தகடூர்க் கல்லூரிக் கபடியில் விதி வளைப்பு: ஒரு நடுகல்லியல் அணுகுமுறை

இவ்வாய்வின் நில எல்லை, பழைய தகடூராகிய தருமபுரி மாவட்டம். அதாவது 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிஞ்சி நிற்கும் பகுதி. கால எல்லை, சங்க காலம் தொடங்கிச் சென்ற சனிக்கிழமை சாயங்காலம் வரை. பொருள் எல்லை, கல்லூரிக் கபடியில் விதியை மீறாமல் வளைக்கும் கலை. மீறுவது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதைக் கவனிக்க ரெஃப்ரி இருக்கிறார். அவர் கவனிக்காவிட்டால் அது மீறலே அன்று. எனவே எல்லைக்குள் வந்துவிடும்.

கல்லூரி மைதானத்தில் தில்லுமுல்லு என்றதும் மேலைநாட்டு ஆய்வாளர்கள் கால்பந்துக்கு ஓடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்தில் பந்தின் மேல் கால் படுவதே அபூர்வம் என்பதால் அந்தத் தரவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒரு செய்தி நமக்கு உதவும். எதிரணி மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஆடிக்கொண்டிருக்கும்போது, தடுக்கும் அணியில் ஒருவர் திடீரென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவார். மருத்துவர்கள் ஓடி வருவார்கள், ஆட்டம் நிற்கும், மற்ற பத்துப் பேரும் தண்ணீர் குடித்து ஆசுவாசப்படுவார்கள். இந்த நோய் பரவியதைக் கண்ட அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 2025-இல் ஒரு விதி கொண்டுவந்தது: அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைத்தபின் மருத்துவர் உள்ளே வந்தால், விழுந்தவருடைய அணிக்கு ஒரு டைம்-அவுட் கழியும். இதே நோய் பென்னாகரம் பக்கம் வெகுகாலமாக இருக்கிறது. அங்கே மருத்துவக் குழு என்பது ஐஸ் ஸ்ப்ரே டப்பாவோடு ஓடிவரும் ஒரு ஜூனியர் பையன். டப்பா காலியாகி இரண்டு வருஷம் ஆனாலும் அவன் ஓட்டத்தில் குறை வைப்பதில்லை.

இனி ஆய்வு முறை.

தருமபுரி நடுகற்களின் நாடு. ஆநிரை கவர வந்தவனோடும், கவர்ந்த நிரையை மீட்கப் போய் எதிரியோடும் பொருதி விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் பொறித்து வைத்த மண். பக்கத்துச் செங்கம் பகுதி எடுத்தனூரில், கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கே கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீரர்களை நாம் பார்த்ததில்லை. கல்லை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறோம். கபடி விதிப் புத்தகத்தையும் இப்படியே வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அதில் உள்ள ஒவ்வொரு விதியும், களத்தில் உயிர்விட்ட ஒரு தந்திரத்துக்கு நட்ட கல். விதி இருந்தால், அதற்கு முன்னால் அதைச் செய்த ஒருவன் இருந்திருக்கிறான்.

எடுத்துக்காட்டாக, ஆட்டக்காரர் உடம்பில் எண்ணெயோ வழுக்கும் பொருளோ பூசக்கூடாது என்றொரு விதி. இந்தக் கல்லின் கீழே கிடப்பவன், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு 'கபடி கபடி' என்று பாடிப் போய் ஏழு பேர் கையிலிருந்தும் விலாங்காக நழுவி வந்தவன். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. இதன் கீழே கிடப்பவனை எல்லாருக்கும் தெரியும், தழும்பைக் காட்டி அடையாளம் சொல்வார்கள். பாடி வருகிறவனின் வாயைப் பொத்தக்கூடாது என்பது மூன்றாவது. பாட்டு நின்றால் ஆள் அவுட். ஆகவே ஆளைப் பிடிப்பதைவிட வாயைப் பிடிப்பது சுலபம் என்று கண்டுபிடித்த அந்த மேதைக்கு வரலாற்றில் பெயர் இல்லை. விதி மட்டும் இருக்கிறது. ஆளே இல்லாமல் கல் மட்டும் நிற்பதும் நடுகல் மரபுக்கு உகந்ததே.

கபடியின் முழு விதிப் புத்தகத்தையும் இந்த முறையில் வாசித்தால் ஒரு கிராமத்துக் கோஷ்டிச் சண்டையின் வரலாறு கிடைக்கும். ஆடவர் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். பாடிப் போகிறவன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் உள்ள பாக் லைனை ஒருமுறையாவது தாண்டியாக வேண்டும், இல்லையென்றால் அவுட். அப்படியானால் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓரடி மட்டும் வைத்து, 'கபடி கபடி' என்று ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்த ஒரு பரம்பரை இருந்திருக்கிறது. அவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. பாக் லைனைத் தொட்டுத் தாண்டிவிட்டு அதே கதையைத் திரும்பி வந்து பேசினார்கள். இப்படி இரண்டு வெத்து ரெய்டு போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், எடுக்காவிட்டால் ஆள் அவுட் என்று அடுத்த கல்லை நட்டார்கள். இன்றைய நிலவரம்: முதல் இரண்டு ரெய்டும் ஓய்வு, மூன்றாவது சாவு. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி கடைசி ஐந்து நிமிஷத்தை இந்தக் கணக்கிலேயே ஓட்டிவிடும். இடையில் ஷூ லேஸ் அவிழும். லேஸ் இல்லாத ஷூ போட்டவனுக்கு முழங்கால் பேடு இறங்கும்.

பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், காரணம் இது மொழியியல் சார்ந்தது. பாட்டு ஒரே மூச்சில், விட்டுவிடாமல், அம்பயர் காதில் விழும்படி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. புரோ கபடிக்காரர்கள் முப்பது வினாடிக் கடிகாரம் வைத்து மூச்சின் வேலையைக் குறைத்துவிட்டார்கள். கடிகாரம் எட்டாத மைதானங்களில் மூச்சே அளவு. தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியில் கிளம்பும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று எழுத்தாவதை விளக்கினார். காற்று வெளியே போகும்போது பிறக்கும் ஒலிகளோடு அவர் நின்றுவிட்டார். காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே 'கபடி' என்று சொல்லும் வித்தை அவர் காலத்தில் தகடூரில் இல்லையோ, அல்லது அவர் அம்பயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரோ, தெரியவில்லை. நம்முடைய பையன்கள் இதை ஏழாம் வகுப்பிலேயே பழகிவிடுகிறார்கள். 'க'வை வெளியே விட்டு, 'ப'வில் உதட்டை மூடும்போது மூக்கால் ஒரு மடக்கு இழுத்து, 'டி'யை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது. மைக்செட்டில் சினிமாப் பாட்டு ஓடும்போது இந்த ஒலிப்பு முறை சிறப்பாக அமையும்.

பாடிப் போயிருப்பவனுக்கு அவன் அணியினர் எச்சரிக்கையோ யோசனையோ சொல்லக்கூடாது, சொன்னால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்றும் ஒரு விதி உண்டு. இதன் நேரடி விளைவு, இம்மாவட்டத்துக் கபடி வீரர்களிடையே காணப்படும் தீராத இருமல். இடது கார்னர் நெருங்குகிறான் என்றால் ஒற்றை இருமல். செயின் சேர்கிறார்கள் என்றால் இரட்டை இருமல். 'ஓடிவாடா' என்பதற்குத் தொடையில் தட்டல். கோச்சு வெளியே நின்று பக்கத்தில் இருப்பவரிடம், "போன மாசம் நம்ம மாமா வலதுபக்கம் பார்க்காமத்தான் லாரியில அடிபட்டாரு" என்று உரக்கச் சொல்வார். குடும்ப விஷயத்துக்குப் புள்ளி கொடுக்க எந்த அம்பயரும் துணியமாட்டார்.

எடைக்கு வருவோம். இங்குதான் தரவுகள் கொட்டிக் கிடக்கின்றன.

தேசிய அளவில் சீனியர் ஆடவருக்கு எடை உச்சவரம்பு 85 கிலோ. அது நமக்குப் பிரச்சினையே இல்லை, மூன்று வேளை சாப்பிட்டாலும் யாரும் அங்கே போய்ச் சேருவதில்லை. கல்லூரிப் பையன்கள் சனி ஞாயிறில் ஊர் அணிக்கு ஆடுகிறார்கள். அங்கே 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி, 60 கிலோ எடைப் பிரிவு' என்று காரிமங்கலம் கூட்டுரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். பி.டி. சார்கள் கற்றுக்கொடுக்காத பாடங்களைப் பையன்கள் இங்கேதான் கற்றுக்கொண்டு கல்லூரிக்கு எடுத்துப் போகிறார்கள். எடை போடுவதற்கு மளிகைக் கடையிலிருந்து மூட்டைத் தராசு வந்திருக்கும். அதைப் பள்ளிக்கூடத் திண்ணையில் வைப்பதா, மண் தரையில் வைப்பதா என்பதிலேயே முதல் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. உள்ளூர் அணி எடை போடும்வரை மண் தரை. வெளியூர்க்காரன் வந்ததும், "தரை சமமா இல்லீங்களே" என்று திண்ணைக்கு மாறும்.

இக்கட்டுரையாளர் அருகிலிருந்து கண்ட ஒரு சோதனையை இங்கே பதிவு செய்யலாம். பையன் இரண்டு கிலோ கூடுதல். சித்திரை மாதக் காலை, வெயில் ஏறிவிட்டது. அவனுக்கு ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் அண்ணனுடைய மழைக்கோட்டு, தலைக்குக் குரங்குக் குல்லாய். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஓடும்போது வாயில் புளியங்கொட்டை அளவுக்குப் புளி, எச்சில் ஊறுவதற்காக. ஊறியதைத் துப்பிக்கொண்டே ஓட வேண்டும். இரண்டு முறை புதர்ப் பக்கம் போய்வந்தான். பிறகு ஜட்டியோடு தராசில் ஏற்றினார்கள். இன்னும் முந்நூறு கிராம் இடிக்கிறது. அப்போது பின்னால் நின்ற நண்பன், விழுந்துவிடப் போகிறவனைத் தாங்கும் பாவனையில், ஜட்டியின் எலாஸ்டிக்கைச் சுட்டுவிரலால் மேலே தூக்கினான். முள் இறங்கியது. நீரில் மூழ்கிய பொருள் தன் எடையில் ஒரு பகுதியை இழக்கும் என்றார் ஆர்க்கிமிடிஸ். நண்பன் அருகில் நிற்கும் பொருளுக்கும் அது பொருந்தும். சீட்டில் கையெழுத்து விழுந்த மறு நிமிஷம் பையன் நான்கு பரோட்டா, இரண்டு மோர், ஒரு சீப்பில் பாதி வாழைப்பழம் என்று இழந்த உடம்பை மீட்டான். இதைக் கரந்தைத் திணையில் சேர்க்கலாம்: கவரப்பட்ட செல்வத்தை மீட்டல்.

கோடும் நிலையானது அன்று. பாய் விரித்த களத்தில் கோடு ஒட்டிக் கிடக்கும். மண் களத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சொந்தக்காரன் கல்யாணத்துக்கு வந்தவனைப் போல இடம் மாறி உட்கார்ந்திருக்கும். எதிரணியில் ஆறு பேராவது இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. தடுக்கும் அணியின் கார்னர் ஆட்டக்காரர் கால் மாற்றி நிற்பதுபோல் அந்தக் கோட்டை அழித்துக்கொண்டே இருப்பார். எங்கே கோடு என்று தெரியாத இடத்தில் எவன் தாண்டினான் என்று எவராலும் சொல்ல முடியாது. அவுட்டானவர்கள் போன வரிசையிலேயே உயிர்த்து வர வேண்டும் என்ற விதிக்கும் இதே கதிதான். மூன்றாவதாகச் செத்த நட்சத்திர ரெய்டர் முதலாவதாக உயிர்த்து வந்து நிற்பார். ஸ்கோரரைக் கேட்டால், "இப்பத்தான் டீ வந்துச்சு சார், குனிஞ்சேன்" என்பார்.

உளவியல் போருக்குத் தகடூரில் தொன்மையான சான்று இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போனார். தொண்டைமான் தன் படைக்கல அறையைத் திறந்து காட்டினான். பீலி அணிந்து, நெய் பூசி, பளபளவென்று வரிசையாக இருந்தன ஆயுதங்கள். அவற்றின் அழகைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு. எதிரணியின் தன்னம்பிக்கையை ஒரு வசவுச் சொல் இல்லாமல் உடைத்த இந்த உத்தி, நல்லம்பள்ளிப் பையன்களிடம் சிதையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. டாஸ் போடும்போது எதிரணி கேப்டனின் காலைப் பார்த்து, "புது ஷூங்களா ணா? சூப்பரா இருக்கு. ஒரு சுருக்கம்கூட விழல!" என்பார்கள். அவர் அந்த ஆட்டம் முழுக்கத் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் துறையில் வெள்ளைக்காரர் பங்களிப்பையும் மறைக்கக்கூடாது. ஏமாற்றாமலேயே ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்று ஸ்டீஃபன் பாட்டர் என்ற ஆங்கிலேயர் 1947-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் சிட்னியில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் நம்முடைய வினூ மன்கட், பந்து போடும் முன்பே எல்லைக்கு வெளியே நடைபயின்ற பில் பிரவுனை ரன் அவுட் ஆக்கினார். புத்தகம் கப்பலில் வந்து சேர்ந்து அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. இது சுயம்பு. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நம்ம ஊர் அஸ்வின் ஜாஸ் பட்லரை அதே முறையில் அனுப்பியபோது உலகமே ஒழுக்கம் பேசியது. 2022-இல் அந்த விதியை 'நேர்மையற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் பிரிவிலிருந்து எடுத்து 'ரன் அவுட்' என்ற 38-ஆம் பிரிவில் வைத்தார்கள். கல் அதேதான், புறம்போக்கில் கிடந்ததைக் கோயில் பிராகாரத்துக்குள் நட்டிருக்கிறார்கள்.

காலால் ஆடும் கால்பந்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைக்கான ஆட்டமொன்றில் பார்படாஸ் அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் மேலே போக முடியும். கூடுதல் நேரத்தில் விழும் கோலுக்கு இரண்டு மதிப்பு என்று அமைப்பாளர்கள் விதி செய்திருந்தார்கள். 2-1 என்று முன்னிலையில் இருந்த பார்படாஸ், நேரம் முடியப் போகும்போது பந்தைத் தன் கோலுக்குள்ளேயே உதைத்து 2-2 ஆக்கியது. கணக்கு புரிந்த கிரெனடா, தானும் தன் கோலில் ஒன்று போட்டுக்கொள்ளப் பார்த்தது, 2-3 என்று தோற்றாலும் ஒரு கோல் வித்தியாசம்தானே என்று. கடைசி நிமிஷங்களில் பார்படாஸ் இரண்டு பக்கக் கோலையும் காத்து நின்று, கூடுதல் நேரத்தில் 4-2 என்று ஜெயித்தது. விதி எழுதும் குழுவில் குறைந்தது ஒரு பாலக்கோட்டுக்காரரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக அமைப்புகளுக்கு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. கபடியில் கடைசி ஆள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அவனைத் தானாகவே கோட்டுக்கு வெளியே நடக்கச் சொல்லி, அணி முழுதும் அவுட்டானதற்கான லோனா இரண்டு புள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஏழு பேரையும் ஒரே மூச்சில் உயிர்ப்பித்துக்கொள்ளும் கணக்கு இங்கே டீக்கடையில் நிற்கிறவருக்கும் தெரியும்.

நடுகல்லியல் அணுகுமுறைக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று, நில எல்லைக்கு வெளியே, சீனாவின் ஹாங்சௌவில் இருக்கிறது. 2023 அக்டோபர் 7, ஆசிய விளையாட்டின் ஆடவர் கபடி இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். ஆளுக்கு 28 புள்ளி, ஏறத்தாழ ஒரு நிமிஷ ஆட்டம் பாக்கி. இந்திய கேப்டன் பவன் செராவத்துக்கு அது மூன்றாவது ரெய்டு, புள்ளி எடுத்தே ஆகவேண்டும். அவர் எவரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் இறங்கிவிட்டார். துரத்திய ஈரான் ஆட்டக்காரர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். தொடுதல் நிகழாதவரை லாபி களத்தில் சேராது. பழைய விதிப்படி, இறங்கிய எல்லாருமே அவுட். புரோ கபடியில் வந்த புது விதிப்படி, பாடிப் போனவன் மட்டும் அவுட். ஒரே வீரனுக்கு இரண்டு ஊரில் இரண்டு கல், எழுத்து மட்டும் வேறு வேறு. நடுவர்கள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள், மாற்றினார்கள், மாற்றியதை மாற்றினார்கள். இந்தியர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தீர்ப்புத் திரும்பியதும் ஈரானியர் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்றது. முடிவில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1 என்று கொடுத்து, 33-29 என்று தங்கம் வந்தது. அரூரில் இதே விவகாரம் நடந்திருந்தால் விழாக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "ரெண்டு டீமும் நம்ம பசங்கதான்" என்று சொல்லி ரீ-ரெய்டு கொடுத்திருப்பார். சர்வதேச அமைப்புக்கு இந்த நுணுக்கம் இன்னும் கைவரவில்லை.

இவ்வளவுக்கும் மூலமான இலக்கியச் சான்று உண்டா என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும். உண்டு. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்ட போரைப் பாடியது தகடூர் யாத்திரை என்ற நூல். அது முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் சில பாடல்கள் மட்டும் தப்பின. கோட்டைக்குள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர், யார் எந்தக் கோட்டைத் தாண்டினார், யார் இருமினார் என்ற விவரமெல்லாம் கிடைக்காத பாடல்களில் இருப்பதாக இவ்வாய்வு நிறுவுகிறது. மறுக்க விரும்புவோர் அந்தப் பாடல்களைக் கொண்டுவந்து காட்டட்டும்.

ஒரே ஒரு தரவு மட்டும் எந்த வகைப்பாட்டுக்குள்ளும் அடங்காமல் நிற்கிறது. பாடி வந்தவனின் விரல் நுனி லேசாகத் தன் முழங்கையில் உரசியதை, அம்பயரும் பார்க்காதபோது, எதிரணியும் கேட்காதபோது, தானே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே நடக்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு அணியிலும் ஒருவனாவது இருக்கிறான். இவர்களுக்குக் கல் இல்லை, ஏனென்றால் இவர்களைத் தடுக்க விதி எழுத எவருக்கும் அவசியம் வரவில்லை. முதல் பாதியில் இரண்டு முறை இப்படி நடந்தவன், ஆட்டம் முடியப் போகும்போது சந்தேகமான தொடுதலில் தலையை ஆட்டி மறுத்தால் அம்பயர் அவன் சொல்லைத்தான் நம்புவார்; எனவே இதுவே எல்லாவற்றையும்விட ஆழமான தந்திரம் என்பது இக்கட்டுரையாளரின் முதல் முடிவு. இதைப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து பி.டி. சார் ஒருவரிடம் சொன்னேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அவன் ரெண்டாவது பாதியிலும் தூக்குறான் சார், அதான் எங்களுக்குப் பிரச்சினை" என்றார்.